குறையும் நிறையும்



பழைய தட்டுத் தராசை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரு தட்டுகளும் வெறுமையாக இருக்கும்போது அதன் முள் நடுவில் நிற்கும். இரண்டிலும் ஒத்த பாரத்தை ஏற்றினாலும் அம்முள் அதே நடுவில்தான் நிற்கும். தட்டுகளை நோக்காது முள்ளை மட்டும் நோக்குபவன், "இதில் ஒன்றும் இல்லை" என்று சொல்லிப் போய்விடுவான்.

நம் வகுப்பறைகளில் இத்தராசை ஒத்த மாணவர் சிலர் இருக்கின்றனர். ஒரு பக்கம் அவர்களிடம் வியக்கத்தக்க அறிவாற்றல் இருக்கிறது. மறுபக்கம் கண்ணிலோ, செவியிலோ, கைகால்களிலோ, படிப்பதிலோ, எழுதுவதிலோ ஒரு குறைபாடு இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, மதிப்பெண் என்னும் முள் நடுவில் நிற்கிறது. 'நடுத்தர மாணவன்' என்று ஏட்டில் எழுதிவிட்டு உலகம் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறது.

பேராற்றலும் குறைபாடும் ஒருவரிடத்தில் ஒருங்கே இருக்கக்கூடும். அவ்விரண்டையும் ஒருங்கே கவனித்தாலன்றி அம்மாணவரை வளர்க்க இயலாது. இதுவே இன்று நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி.

இத்தகைய மாணவரை மூன்று நிலைகளில் காணலாம். முதல் நிலையில், ஆற்றல் வெளியே தெரிகிறது, குறைபாடு மறைந்திருக்கிறது. அம்மாணவன் நன்றாகப் பேசுகிறான். நுட்பமாகக் கேள்வி கேட்கிறான். எழுதச் சொன்னால் மட்டும் தடுமாறுகிறான். அவனைச் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டாம் நிலையில், குறைபாடு வெளியே தெரிகிறது, ஆற்றல் மறைந்திருக்கிறது. நடை தளர்ந்தவனையும் நாக்குக் குழறுபவனையும் கண்டவுடன், அறிவும் தளர்ந்திருக்கும் என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். மூன்றாம் நிலையில், இரண்டுமே மறைந்திருக்கின்றன. நான் சொன்ன தராசு இதுதான். முதல் இருவருக்கும் பழியோ இரக்கமோ கிடைக்கிறது. மூன்றாமவனுக்கு அதுவும் இல்லை. அவனை ஒருவரும் கவனிப்பதே இல்லை.

இவை வெறும் பகுப்புகள் அல்ல என்பதைக் காட்டும் வரலாறுகள் உண்டு. அவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர் 1896-ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அச்சிறுவன் கூரிய அறிவுடையவன், விளையாட்டில் சுறுசுறுப்பானவன், கண்பார்வையில் குறை இல்லாதவன். பல ஆண்டுகள் ஆசிரியர்கள் முயன்று கற்பித்தும் அவனால் எளிய சொற்களைக்கூடப் படிக்க இயலவில்லை. தன் பெயரை எழுதும்போதே எழுத்துகளை இடம் மாற்றி எழுதினான். ஆனால், 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னபோது விரைவாகவும் பிழையின்றியும் பெருக்கிக் காட்டினான். நீங்கள் ஒரு தாளை எடுத்து அப்பெருக்கலைச் செய்து பாருங்கள், விடை 6,49,383. இதைச் செய்யவல்ல மூளையை மந்தமான மூளை என்று யார் சொல்வார்?

அவனுக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவர் கூறிய கருத்தையும் மருத்துவர் குறித்திருக்கிறார். பள்ளிப் பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமானால், அப்பள்ளியிலேயே மிகச் சிறந்த மாணவன் இவனாகத்தான் இருப்பான் என்பது அவர் கருத்து. அந்த ஆசிரியர் முள்ளைப் பாராமல் இரு தட்டுகளையும் பார்த்தவர். ஆசிரியத் தொழிலின் சிறப்பு இத்தகைய பார்வையில்தான் இருக்கிறது என்பேன்.

அக்காலத்தில் அக்குறையைப் 'பிறவிச் சொற்குருடு' என்ற பொருளுடைய பெயரால் அழைத்தனர். இன்று அதனை டிஸ்லெக்சியா என்கிறோம். கற்றல் குறைபாடுகளுள் ஒன்று என்கிறோம். அது கண்ணின் குறையன்று. அறிவின் குறையும் அன்று. எழுத்து வடிவத்தையும் அதற்குரிய ஒலியையும் விரைந்து இணைக்கும் செயலில் ஏற்படும் இடர்ப்பாடே அதற்குப் பெரும்பாலும் காரணம் என்று இன்றைய ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

இதில் வியப்படைய ஒன்றும் இல்லை. பேச்சு மனிதனுக்கு இயல்பாக வருவது. தாய் பேசக் கேட்டே குழந்தை பேசிவிடுகிறது. எழுத்து அவ்வாறு வருவதன்று, மனிதன் வகுத்துக்கொண்டது. உலகில் எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. அதனை ஒவ்வொரு குழந்தையும் முயன்றுதான் கற்க வேண்டியிருக்கிறது. நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கெ' என்று எழுதும்போது கொம்பை முன்னே எழுதுகிறோம். ஒலிக்கும்போதோ அதற்குரிய உயிரொலி மெய்யொலிக்குப் பின்னே வருகிறது. 'கொ' என்பதில் மெய்யின் இருபுறமும் குறிகள் நிற்கின்றன, ஒலி ஒன்றுதான். 'கடல்', 'தங்கம்', 'பகல்' என்னும் மூன்று சொற்களிலும் ககரம் மூவகையாக ஒலிக்கிறது. நாம் இவற்றையெல்லாம் எப்போது கற்றோம் என்பதையே மறந்துவிட்டோம். சில குழந்தைகளுக்கு இவை ஒவ்வொன்றும் ஏறவேண்டிய மலையாக நிற்கின்றன.

அறிவு மிக்க குழந்தை இக்குறையை மறைக்கவும் கற்றுக்கொள்கிறது. பிறர் படிப்பதைக் கேட்டே பாடத்தை மனப்பாடம் செய்து, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பதுபோலச் சொல்லிவிடுகிறது. கீழ் வகுப்புகளில் இவ்வழி செல்லும். மேல் வகுப்பில் பாடங்கள் பெருகும்போது நினைவாற்றல் மட்டும் போதுவதில்லை. நான்காம் வகுப்பு வரை நன்றாகப் படித்தவன் ஏழாம் வகுப்பில் திடீரென்று கெட்டுப்போனான் என்று பெற்றோர் வருந்துவதுண்டு. அவன் கெட்டுப்போகவில்லை. தனியே சுமந்த பாரத்தை அதற்குமேல் சுமக்க அவனால் இயலவில்லை.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். தேர்வுத்தாளில் அவன் எழுத்து ஆசிரியர்களுக்கு விளங்காது. வரிக்கு வரி பிழை இருக்கும். ஒருநாள் கணித ஆசிரியர் என்னிடம் வந்து, "ஐயா, இவனைச் சற்று வாய்மொழியாகக் கேட்டுப் பாருங்கள்" என்றார். வடிவகணிதத் தேற்றம் ஒன்றைக் கரும்பலகையில் வரைந்து, நிறுவச் சொன்னேன். புத்தகத்தில் உள்ள முறையை விட்டுவிட்டு, வேறொரு கோட்டை வரைந்து, அதைவிடச் சுருக்கமான முறையில் அவன் நிறுவினான். "இதை ஏனப்பா தேர்வில் எழுதவில்லை?" என்று கேட்டேன். "எழுத வராதுங்க ஐயா, நான் மக்கு" என்றான்.

அந்தச் சொல்லை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. எழுத்துகளைக் கற்கத் தடுமாறிய சிறுவன் அந்த ஒரு சொல்லை மட்டும் நன்றாகக் கற்றிருந்தான். குறைபாட்டைக் காட்டிலும் கொடியது இதுவே. கை எழுதாவிடினும் வாழ்க்கை நடக்கும். தன்னால் ஒன்றும் ஆகாது என்று உள்ளம் எழுதிக்கொண்டுவிட்டால், அதனை அழிப்பது எளிதன்று.

ஆசிரியர்கள் கலந்து பேசினோம். வினாத்தாளை அவனுக்குப் படித்துக் காட்டுவது என்றும், வகுப்புத் தேர்வுகளில் கூடுதல் நேரம் தருவது என்றும், சிலவற்றை வாய்மொழியாகக் கேட்பது என்றும் முடிவுசெய்தோம். எழுத்துப் பயிற்சியை நாள்தோறும் சிறிது நேரம் ஒழுங்காகக் கொடுத்தோம். அதனோடு கணித ஆசிரியர் இன்னொன்றும் செய்தார். மேல் வகுப்பு வடிவகணிதப் புத்தகத்திலிருந்து வாரத்திற்கு ஒரு கடினமான கணக்கை அவனுக்குக் கொடுத்தார். அவனுடைய எழுத்துப் பிழைகள் முற்றும் மறைந்துவிடவில்லை. பள்ளியை விட்டுச் செல்லும்வரை இருந்தன. ஆனால், விளங்காத கணக்குகளைப் பிற மாணவர் அவனிடம் சென்று கேட்கத் தொடங்கினர். அதன்பின் அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

அந்தக் கடினமான கணக்கு, வினாத்தாளைப் படித்துக் காட்டிய உதவிக்குச் சற்றும் குறைந்ததன்று என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். குறையைக் கண்டவுடன் பலர் செய்வது என்ன? கடினமான பாடத்தை நீக்கிவிட்டு எளிய பாடத்தைக் கொடுக்கிறார்கள். அவனுக்கு விருப்பமான பாடவேளையைப் பறித்து, வராத பாடத்தில் பயிற்சி கொடுக்கிறார்கள். கால் தளர்ந்தவனுக்குக் கைத்தடி கொடுக்க வேண்டும். அதற்காக அவன் கையில் இருக்கும் வீணையைப் பிடுங்கக் கூடாது. செல்லும் வழியை மாற்றலாம்; சேரவேண்டிய உயரத்தைக் குறைக்கக் கூடாது.

இனி, குறைபாடு வெளியே தெரிந்து ஆற்றல் மறைந்திருந்த ஒருவரைப் பார்ப்போம். அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், ஓர் ஏழைத் தொழிலாளியின் வீட்டில் 1932-ஆம் ஆண்டு கிறிஸ்டி பிரவுன் பிறந்தார். மூளை முடக்குவாதம் அவருடைய கைகளையும் பேச்சையும் கட்டிப்போட்டது. இக்குழந்தைக்கு அறிவு வளராது என்று மருத்துவர்கள் கூறினர். தாய் அதனை ஏற்கவில்லை. பிற குழந்தைகளோடு அவரையும் அமர்த்தி, பேசியும் கதை சொல்லியும் வந்தார். ஐந்தாம் வயதில், சகோதரியின் கையில் இருந்த சுண்ணக்கட்டியைச் சிறுவன் தன் இடக்காலால் பற்றினான். அந்த ஒரு கால்தான் அவன் சொற்படி கேட்கும் உறுப்பு. தாய் தரையில் எழுத்தை எழுதிக் காட்டினார். மகன் காலால் எழுதினான். அக்காலே பின்னர் ஓவியம் தீட்டியது. அவர் தம் வரலாற்றை நூலாக்கி 1954-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மருத்துவர் உடலைப் பார்த்தனர். தாய் மகனைப் பார்த்தார்.

லூயி பிரெய்லின் வரலாற்றை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருக்கலாம். நம் பொருளுக்கு ஏற்ற சிலவற்றை மட்டும் அதிலிருந்து எடுத்துச் சொல்கிறேன். பாரிசுக்கு அருகிலுள்ள கூப்வ்ரே என்ற சிற்றூரில் 1809-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கூரிய கருவி ஒன்று பட்டு ஒரு கண் கெட்டது. அதன் நோய் மற்றக் கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதுக்குள் பார்வை முழுவதும் போயிற்று. ஊர்ப் பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும் அச்சிறுவனைப் பார்வையுள்ள குழந்தைகளோடு சேர்த்தே கற்பித்தனர். கேட்டே கற்று அவன் சிறந்து விளங்கினான். அதன்பின் 1819-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பார்வையற்றோர் பள்ளிக்கு அனுப்பப்பட்டான்.

அப்பள்ளியில் புத்தகங்கள் இருந்தன. அச்செழுத்துகளையே தாளில் புடைத்து நிற்கும்படி அமைத்திருந்தனர். அவ்வெழுத்துகள் கண்ணுக்காக அமைந்தவை; விரல் அவற்றைத் தடவித் தடவி மெல்லத்தான் படிக்க முடியும். எழுதவோ பார்வையற்றவரால் இயலாது. சார்லஸ் பார்பியே என்பவர் வகுத்த புள்ளிமுறை ஒன்று அப்பள்ளிக்கு வந்தது. அதில் ஓர் அடையாளத்திற்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இருந்தன. ஒரு விரல் நுனிக்குள் அவை அடங்கவில்லை. பிரெய்ல் அதனை ஆறு புள்ளிகளாகக் குறைத்தார். ஆறு புள்ளிகளால் 63 அடையாளங்களை ஆக்கலாம். எழுத்து, எண், இசைக்குறிப்பு எல்லாம் அதற்குள் அடங்கின. 1824-ஆம் ஆண்டில் அம்முறையை அவர் பெரும்பாலும் அமைத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. உங்களில் பலருடைய வயது.

பார்வையுள்ள பெரியவர்கள் பல ஆண்டுகள் எண்ணியும் காணாத ஒன்றை, பார்வையற்ற மாணவர் ஒருவர் கண்டார். விரல் எவ்வாறு படிக்கும் என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும். ஆற்றலும் குறைபாடும் ஒரே இடத்தில் இருந்ததனாலேயே இக்கண்டுபிடிப்பு தோன்றியது. ஆயினும், உலகம் அதனை உடனே ஏற்கவில்லை. 1840-க்குப் பின் அப்பள்ளியின் தலைவர் ஒருவர் சில காலம் அம்முறைக்குத் தடை விதித்தார். மாணவர்கள் மறைவில் எழுதியும் படித்தும் அதனைக் காத்தனர். பிரெய்ல் 1852-இல் மறைந்தார். அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 1854-இல்தான் பிரான்சு நாடு அம்முறையை முறைப்படி ஏற்றது. நம் நாட்டு மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-இல் ஏற்பட்டது. இன்று தமிழும் அந்த ஆறு புள்ளிகளில் படிக்கப்படுகிறது.

தமிழ்நாட்டுக்கும் இவ்வழி புதிதன்று. அந்தகக்கவி வீரராகவ முதலியார் பார்வையற்றவர். திருக்கழுக்குன்றப் புராணம் பாடிய பெரும்புலவர். இளமையில் அவர் முதுகில் விரலால் எழுதிக் காட்டி எழுத்தறிவித்தனர் என்று செவிவழிச் செய்தி உண்டு. கண் வழி அடைத்திருந்தால் மெய் வழி திறக்கலாம் என்று நம் முன்னோருள் யாரோ ஒருவர் எண்ணியிருக்கிறார்.

தேர்வைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். பார்வையும் செவிப்புலனும் இல்லாத ஹெலன் கெல்லர், 1899-ஆம் ஆண்டில் ராட்கிளிஃப் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதினார். வினாக்கள் பிரெய்ல் எழுத்தில் கொடுக்கப்பட்டன. ஆனால், இயற்கணிதத்திற்கு அவர் பழகியிருந்தது இங்கிலாந்து முறைக் குறியீடுகள். வினாத்தாளில் இருந்தவையோ அமெரிக்க முறைக் குறியீடுகள். தேர்வுக்குச் சற்று முன்னர்தான் அவர் அவற்றைக் கற்க வேண்டியதாயிற்று. கணக்கு அவருக்குத் தெரியும், அடையாளந்தான் புதிது. அவ்வின்னலோடு எழுதியே அவர் தேறினார். 1904-இல் பட்டமும் பெற்றார்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. எதை அளக்க வேண்டுமோ அதைத்தான் தேர்வு அளக்க வேண்டும். இயற்கணிதத் தேர்வு இயற்கணித அறிவை அளக்கட்டும். புதுக் குறியீட்டை ஒரே நாளில் கற்கும் திறமையை அளக்க வேண்டியதில்லை. வரலாற்றுத் தேர்வு வரலாற்றறிவை அளக்கட்டும். கைவிரல்களின் வேகத்தை அளக்க வேண்டியதில்லை.

"அப்படியானால் சிலருக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுப்பது மற்றவர்க்கு அநீதி ஆகாதா?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. உங்கள் வகுப்பில் மூக்குக்கண்ணாடி அணிந்து தேர்வெழுதும் நண்பர் இருப்பார். அதை யாரேனும் அநீதி என்பரா? கண்ணாடி விடையைச் சொல்லிக்கொடுப்பதில்லை. வினாவைப் படிக்க மட்டும் உதவுகிறது. எழுதத் தடுமாறும் கைக்குக் கூடுதல் நேரமும் அத்தகையதே. அது நிலத்தைச் சமன் செய்கிறது. யாரையும் முன்னே தள்ளுவதில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வழியில் நடந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் கூறிற்று. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை இருபத்தொன்றாக விரித்தது. கண்ணுக்குப் புலப்படாத கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. தேர்வில் ஒரு மணிக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாமல் ஈட்டு நேரம் தரவேண்டும் என்று நடுவண் அரசின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறின. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் நோயுடைய ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்குச் 'சொல்வதை எழுதுபவர்' உதவியை வேண்டினார். மறுக்கப்பட்டபோது வழக்குத் தொடுத்தார். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வுதவி அவருக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. குறைபாட்டின் விழுக்காட்டுக் கணக்கைக் காட்டி அவ்வுதவியை மறுத்தல் ஆகாது என்பதே தீர்ப்பின் கருத்து. ஆகவே, இது யாரும் இரங்கி அளிக்கும் பிச்சையன்று. உரியவர்க்கு உரிய உரிமை.

சட்டம் கதவைத் திறக்கும். கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்லாது. அதனைச் செய்யவேண்டியவர் பெற்றோரும் ஆசிரியரும் தோழருமாகிய நீங்களும் ஆவீர்கள். நீங்கள் செய்யத்தக்கவை பெரிய செயல்கள் அல்ல. எழுதத் தடுமாறும் நண்பனுக்கு உங்கள் குறிப்பேட்டைக் கொடுக்கலாம். படிக்க இயலாதவர்க்குப் பாடத்தை உரக்கப் படித்துக் காட்டலாம். கைப்பேசியில் பதிந்தும் கொடுக்கலாம். செவித்திறன் குறைந்தவர் எதிரே நின்று முகம் தெரியப் பேசலாம். சைகை மொழியில் சில சொற்களையேனும் கற்கலாம். பேச்சுக் குழறுபவர் ஒன்றைச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கலாம். அவர் தொடங்கிய சொற்றொடரை நீங்கள் முடித்துவைப்பது உதவியாகாது. பிறருக்காகத் தேர்வெழுதும் வாய்ப்பு வந்தால் விதிமுறையை அறிந்துகொண்டு மகிழ்ச்சியோடு செல்லுங்கள். அவர் சொல்வதை மட்டும் எழுதுங்கள். ஒரு சொல்லை நீங்களாகச் சேர்த்தால் அவருடைய வெற்றியில் களங்கம் சேர்த்தவர் ஆவீர்கள்.

இவ்வுதவியை இரக்கத்தால் செய்ய வேண்டா. தமிழிலக்கியத்தில் இரட்டைப் புலவர் என்ற இருவர் உண்டு. ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். பார்வையற்றவர் நடக்க இயலாதவரைத் தோளில் சுமந்து செல்ல, தோளில் இருந்தவர் வழிகாட்டினார் என்பர். ஒருவர் செய்யுளின் முற்பாதியைப் பாட மற்றவர் பிற்பாதியைப் பாடி முடித்தனர் என்றும் கூறுவர். தில்லைக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் அவர்கள் பெயரால் வழங்குகின்றன. அவர்களுள் யார் யாருக்கு உதவினார் என்று பிரித்துச் சொல்ல முடியுமா? ஒருவர் காலைக் கொடுத்தார். ஒருவர் கண்ணைக் கொடுத்தார். பாட்டில் இருவருக்கும் பாதி. வகுப்பறைத் தோழமையும் அத்தகையதாக இருக்கட்டும். நீங்கள் இயற்பியல் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள். அதன் பொருளை அவரிடம் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள்.

இறுதியாக ஒன்று. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுள் ஒருவருக்கு, "இது என் கதையாயிற்றே" என்று தோன்றலாம். மனத்தில் தெளிவாக இருப்பது தாளில் வராமல் போகலாம். பிறர் ஒரு மணியில் படிப்பதற்கு உங்களுக்கு மூன்று மணி ஆகலாம். அப்படியிருந்தால், உங்களை நீங்களே மக்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாளை காலை, நீங்கள் நம்பும் ஓர் ஆசிரியரிடம் சென்று, "எனக்கு இது விளங்குகிறது, எழுதத்தான் வரவில்லை" என்று சொல்லுங்கள். அவர் கேட்கவில்லையானால் இன்னொருவரிடம் சொல்லுங்கள், பெற்றோரிடமும் சொல்லுங்கள். கற்றல் குறைபாட்டைத் தேர்ந்தவர்கள் சோதித்து அறியலாம். அதற்குப் பயிற்சி முறைகளும் உண்டு. சொல்லாதவரையில் உங்கள் பாரத்தின் எடை உங்களுக்கு மட்டுமே தெரியும். சொன்னபின், அதனைப் பகிர்ந்துகொள்ள ஒருவரேனும் வருவார்.